மூன்று சொட்டு

“மீனெண்ணெய் இந்த வீட்டு வாசப்படி ஏறிச்சின்னா, நான் எறங்கிடுவேன்!”

சுந்தரமூர்த்தி சொன்னால் சொன்னதுதான். ஆம்பூர் தோல் மண்டியில் கணக்குப்பிள்ளை. நாளெல்லாம் மாட்டுத்தோலுக்கு நடுவே உட்கார்ந்து சம்பாதிக்கிற மனுஷருக்கு, வீட்டில் மட்டும் முட்டை என்ற பேச்சே ஆகாது.

பேத்திக்கோ கால் இரண்டும் வில்லாக வளைந்திருந்தது. எலும்புக்குச் சத்து இல்லை, மீனெண்ணெய்தான் மருந்து என்று நர்ஸ் ஜெபகனி சொல்லிவிட்டாள். மகன் அரக்கோணத்தில், ரயில்வே வேலை. மருமகள் அமிர்தவள்ளி என்ன செய்வாள், பாவம்! பாட்டிலைப் புளிப்பானைக்குப் பின்னால் ஒளித்து, காலையில் மாமனார் குளிக்கப் போகும்போது மூன்று சொட்டு ஊட்டினாள்.

வாசனை காட்டிக் கொடுக்காது என்ற தைரியம் அவளுக்கு. தோலுக்குத் தடவுவதும் மீனெண்ணெய்தான். மாமனார் சட்டையிலேயே அந்த வாசம்தானே!

சாயங்காலம் அவள் தண்ணீருக்குப் போனால் பேத்தி தாத்தா மடியில் இருக்கும்.

கால் தேறி வந்த நேரத்தில் குழந்தை பால் குடிக்காமல் வாந்தி எடுத்தது. அமிர்தவள்ளி பயந்துபோய் ஜெபகனிக்கு ஆள் அனுப்பினாள்.

நர்ஸ் வந்த வேளை, மாமனார் கூடத்தில் இருந்தார். அமிர்தவள்ளி கண்ஜாடை காட்டியும் பயனில்லை.

“எங்கம்மா மீனெண்ணெய் பாட்டில்? எடு.”

எடுத்தாள்.

“இன்னாம்மா இது, அதுக்குள்ள அடிக்குப் போயிடுச்சு? ஜாஸ்தி ஊத்தினா சீக்கிரம் நிமிரும்னு ஊத்திட்டியா?”

“இல்லக்கா, காலைல மூணு சொட்டுதான். சத்தியமா!”

“பாட்டில் மேல யூனிட்டுன்னு நம்பர் போட்டிருக்கு பாரு. அது எண்ணெயோட அளவு இல்ல, சத்தோட அளவு. தோல் ஊறப்போடற ரெண்டு தொட்டியில ஆவாரம்பட்டைத் தண்ணி இருந்தாலும் ஒண்ணு காரமா, ஒண்ணு சப்புனு இருக்கும்ல? இது காரமான எண்ணெய். மூணு சொட்டுலயே ஒரு நாள் சத்து வந்துடும். மேல போனா உடம்புலயே தங்கி இப்படித்தான் வாந்தியெடுக்க வெக்கும். கொஞ்ச நாள் நிறுத்து. சரியாயிடும்.”

சுந்தரமூர்த்தி எழுந்தார். மேல்துண்டை உதறித் தோளில் போட்டார். வாசப்படி இறங்கிப் போய்விட்டார்.

“மாமா!” அமிர்தவள்ளி அழுதேவிட்டாள்.

ஜெபகனிக்குக் கோபமான கோபம். ‘குழந்தை காலைவிட வீறாப்பு பெரிசாப் போச்சா இந்த மனுஷனுக்கு!’ என்று முணுமுணுத்துக்கொண்டே தெருமுனைக்கு வந்தாள்.

அவள் வந்த ஜட்கா வண்டிப் பக்கத்தில் சுந்தரமூர்த்தி நின்றுகொண்டிருந்தார். வீட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

“எனக்குப் பயந்துக்கினு மருமவ குடுக்காம உட்டுடப் போவுதுன்னு... மறுபடி ஆரம்பிக்கறப்போ, சாயங்காலத்துல நான் ஊத்தறத மட்டும் நிறுத்திட்டாப் போதுமாம்மா?”