முழு வருகை

மைக்குக்கும் எனக்கும் என்றைக்குமே ஏழாம் பொருத்தம். இந்த வருடமும் சரியாக ஐந்தாவது பேர் முடிந்ததும் அது வீறிட ஆரம்பித்தது.

ஒயரைப் பிடித்து ஒரு திருகு திருகினேன். அடங்கியது. ரிஜிஸ்டர் அக்கா கண்ணாடிக்கு மேலாக என்னை முறைத்துவிட்டு ஆறாவது பேரைக் கூப்பிட்டார்.

“உள்ளேன் ஐயா” என்று ஒரு கிழவர் எழுந்து சொன்னார். ஆறாவது பேர் அவருடைய மகள்.

எங்கள் நினைவு நாள் இப்படித்தான் நடக்கும். பேச்சு, மலர்வளையம் எல்லாம் பெரிய மனிதர்களோடு வெளியே, பேர் செதுக்கிய சுவருக்கு முன்னால் முடிந்துவிடும். பிறகு நாங்கள் மட்டும் பள்ளிக்கூடத்துக்குள் வந்து உட்காருவோம்.

எங்கள் இனத்தையே இல்லாமல் செய்துவிடுவது என்று கிளம்பியவர்கள், முப்பத்திரண்டு வருடத்துக்கு முன்னால் இதே நாளில், இந்தப் பள்ளியின் ஆறாம் வகுப்பைக் கதவைச் சாத்திக் கொளுத்தினார்கள்.

ரிஜிஸ்டர் அக்கா அப்போது ஆபீஸ் கிளார்க். காலையில் அட்டெண்டன்ஸ் எடுத்ததும் வகுப்பு ரிஜிஸ்டர் பள்ளி ஆபீசுக்குப் போய்விடும். அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பீரோவுக்குப் பின்னால் ஒளிந்து கிடந்தாராம். இரண்டும் பிழைத்தன.

அன்றைக்கு நாற்பத்தொரு பேருக்கும் டிக் விழுந்திருந்தது. முழு வருகை.

முதல் வருடம் அக்கா சும்மா வாசிக்கத்தான் நினைத்தார். யாரோ ஒரு அப்பா தன்னை மறந்து மகனுக்காக உள்ளேன் ஐயா என்று சொல்லிவிட, அதுவே வழக்கமாகிவிட்டது. கூப்பிடுகிறவர் பெண்ணாயிற்றே என்று யாரும் அந்த ஐயாவை மாற்றவில்லை.

நான் இங்கே வேன் ஓட்டுகிறேன். பிழைத்தவர்களுக்கான சங்கத்து வேன். வருடம் முழுக்க இவர்களை ஆஸ்பத்திரிக்கும் கவுன்சலிங்குக்கும் ஏற்றி இறக்குவது என் வேலை. கதவைச் சாத்தினால் கூச்சல் போடுகிறவர், ஒரு வாரம் வாயே திறக்காமல் வந்துவிட்டு எட்டாம் நாள் என் டிரைவிங்கைக் கிழி கிழி என்று கிழிக்கிறவர், எல்லோரும் எனக்கு அத்துப்படி. நினைவு நாளில் மைக்கும் என் தலையில்.

இந்த முறை கடைசி வரிசையில் ஒரு புது அம்மா. காலையில் ஸ்டேஷனிலிருந்து நான்தான் ஏற்றி வந்தேன். மடியில் ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் ஆறாவது தடவையாக எழுதிய மனு. தன் பையன் பேரும் சுவரில் வரவேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார்.

பையன் இங்கே வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்ததாம். பழைய பள்ளியிலிருந்து டி.சி. வரவில்லை. வருகிறவரைக்கும் பின் பெஞ்சில் உட்காரட்டும் என்று வாத்தியார் சொல்லியிருக்கிறார். அதனால் ரிஜிஸ்டரில் பேர் ஏறவில்லை.

சங்கச் செயலாளர் கெட்டவரில்லை. ரிஜிஸ்டரில் நாற்பத்தொன்று, சாம்பலிலிருந்து எடுத்ததும் நாற்பத்தொன்று, எல்லாம் சரியாக இருக்கிறதே அம்மா, உங்கள் பையன் வேறெங்காவது போயிருக்கலாம் என்று மென்று முழுங்கினார். அந்த வேறெங்காவதில்தான் அந்த அம்மா முப்பத்திரண்டு வருடமாகத் தேடிக்கொண்டிருக்கிறார்.

வேனில் வரும்போது, நான் கேட்காமலே அவர் ஒன்று சொன்னார்.

“அவன் பேரைக் கூப்பிடவே மாட்டாங்களாம். ஆனா தினமும் உள்ளேன் ஐயா சொல்லிட்டுத்தான் வர்றேம்மான்னு சிரிப்பான். என்ன விளையாட்டோ, எனக்குப் புரியவே இல்ல தம்பி.”

சிக்னலில் பச்சை விழுந்தும் நின்றுகொண்டே இருந்தேன் போல. பின்னால் ஹாரன் அடித்துத் திட்டினார்கள்.

அக்கா பதினைந்தைக் கூப்பிட்டார். ஒரு பெரியம்மா எழுந்து சொன்னார். பதினாறுக்கு ஒரு தம்பி, அண்ணனுக்காக. அந்த அண்ணனைவிட இப்போது தம்பிதான் மூத்தவன், தலையில் பாதி நரைத்துவிட்டது.

அடுத்தது பதினேழு.

பதினேழுக்கு யாரும் பதில் சொல்வதில்லை. அந்த வீட்டில் ஒருவர்கூட மிஞ்சவில்லை என்றுதான் சங்கத்துப் பேப்பரில் இருக்கிறது. அக்கா பேரைச் சொல்லி ஒரு மூச்சு நேரம் நிறுத்துவார். அந்த நேரத்தில் நான் குனிந்து ஒயரைச் சரிபார்ப்பேன். இந்த வேலைக்கு வந்து பதினோரு வருடமாகச் சரிபார்க்கிறேன்.

இன்றைக்குக் கை ஒயருக்குப் போகவில்லை. எழுந்து நின்றேன்.

“உள்ளேன் ஐயா” என்றேன்.

கூடமே திரும்பிப் பார்த்தது. அக்கா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, நீ அந்தப் பிள்ளைக்கு என்ன உறவு என்று கேட்டார்.

“உறவெல்லாம் இல்லக்கா. அது நான்தான். அன்னைக்கு மட்டம் போட்டுட்டேன். எனக்குப் பதிலா சொன்னது பின் பெஞ்சுல இருந்த இந்தம்மா பையன்.”

சொல்ல இன்னும் நிறைய இருந்தது. அவன் பேரை யாரும் கூப்பிடாததால் அவன் குரல் சும்மா கிடந்தது. யார் மட்டம் போட்டாலும் இரவல் கொடுப்பான், கூலி ஒரு பென்சில். அகதி முகாமில் பயந்துபோய் வேறு பேர் சொல்லி வளர்ந்தேன். கல்லில் செதுக்கிய பேர் என்னுடையது என்று எந்த வாயால் சொல்வது என்று வெட்கப்பட்டுக்கொண்டே வயதாகிவிட்டது.

அதற்குள் அக்கா பேனாவைத் திறந்தார். என் பேரை அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். நாற்பத்தொன்றுக்குக் கீழே காலியாக இருந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு, பையன் பேர் என்ன என்று அந்த அம்மாவிடம் கேட்டார். எழுதினார். பிறகு மைக்கில் கூப்பிட்டார்.

அம்மா எழுந்து நின்றார். உதடு அசைந்தது, குரல் வரவில்லை.

அவனுக்காக நான் சொன்னேன்.