வெயில் விழும் சுவர்

வாசலில் வண்டி நின்றது. மச்சான் இறங்கவில்லை. தங்கையின் பெட்டியை மடியிலேயே வைத்திருந்தார்.

"ஒரு இருமல், மாப்பிள்ளை. ஒரே ஒரு இருமல் கேட்டாலும் திரும்பக் கூட்டிட்டுப் போயிடுவேன். அப்புறம் நீங்க சுவத்தோடயே குடும்பம் நடத்துங்க."

பாலிஷ்காரன் தலையாட்டினான். சட்டைப்பைக்குள் அவன் கை மனைவியின் இன்ஹேலரைப் பிடித்திருந்தது.

முன்னறைதான் அவன் பட்டறை. மேசை, கட்டில் எல்லாம் அங்கேதான் வார்னிஷ் குடிக்கும். அந்த நெடிதான் அவளுக்கு எமன்.

வெயில் பட்டால் நெடியைத் தின்றுவிடும் பெயின்ட் என்று கடைக்காரர் சொன்னார். நம்பி, அறை முழுக்க அடித்தான்.

தெருவே சிரித்தது.

சிரித்தது நியாயம்தான். பெயின்ட் காய்ந்ததும், தொழில் புத்தி, பளபளப்புக்காக மேலே ஒரு கோட் வார்னிஷ் இழுத்துவிட்டான். வாயைக் கட்டிப்போட்டால் சுவர் எதைத் தின்னும்? அவளுக்கு மூச்சு முட்டி, அண்ணன் வந்து அழைத்துப் போனார்.

அதன்பின் சுவரை உப்புத்தாளால் தேய்த்தெடுத்தான். முதலிலிருந்து அடித்தான். ஜன்னலை அடைத்துக்கொண்டிருந்த பீரோவை அடுப்படிக்குத் தள்ளினான்.

இப்போது சுவர் முழுக்க வெயில்.

அவள் வண்டியிலிருந்து இறங்கி உள்ளே வந்தாள். பீரோ இருந்த இடத்தைப் பார்த்தாள்.

"என் பீரோவ அடுப்படியில கொண்டுபோய் வச்சிருக்கீங்களே, புடவையெல்லாம் கரி பிடிக்கவா? உங்களுக்கு மூளைன்னு ஒன்னு இருக்கா?"

பீரோவிலிருந்து ஜன்னல் திரைக்குப் போனாள். திரையிலிருந்து கழுவாத பாத்திரத்துக்கு. அங்கிருந்து அவன் தாடிக்கு.

அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

எப்போதும் மூன்றாவது குற்றத்தில் அவளுக்கு இழுக்கத் தொடங்கிவிடும். நான்காவதை அவன் கேட்டதே இல்லை.

தாடி நான்காவது.

வண்டியில் மச்சான் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

ஜன்னலோரம் இருந்த நாற்காலியில் அவள் பொத்தென்று உட்கார்ந்தாள். தம்பி கல்யாணத்தில் அவன் பேசிய பேச்சும், மாமியார் பேசாத பேச்சும் உட்கார்ந்தபடியே வந்தன.

எழுந்தாள். நாற்காலியும் கூடவே எழுந்தது.

புடவையைப் பிய்த்தெடுத்தாள். பின்னால் பழுப்புக் கறை. நாற்காலியைத் தொட்டாள், பிசுபிசுத்தது. விரலை மூக்கருகே கொண்டுபோனாள்.

அதே நெடி. விரலில் மட்டும் இருந்தது.

"எப்ப அடிச்சது இது?"

"இன்னைக்குக் காலையில."

அவள் சுவரைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, ஏழாவதைத் தொடங்கினாள்.

பாலிஷ்காரன் சட்டைப்பையிலிருந்து கையை எடுத்தான்.

வெளியே வண்டி கிளம்பியது. பெட்டி படியில் இருந்தது.