மூலம் யாருங்க?

டாக்டர் அறையின் கதவைப் பாதி திறந்து பிடித்தபடி நர்ஸம்மா மூன்றாவது தடவையாகக் கூப்பிடுகிறார். "மூலம் யாருங்க? மூலம்!" கையிலிருக்கும் சீட்டில் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கத்தான் செய்கிறது. நோயாளியின் அந்தரங்கம் காக்கப்படும் என்பதையும், கூப்பிட்டதும் வருவது நோயாளியின் கடமை என்பதையும் ஒரே பலகையில் எழுதி அவர் தலைக்கு மேலேயே மாட்டியிருக்கிறார்கள். மின்விசிறி தடதடக்கிறது. பெஞ்சுகளில் இருக்கும் தலைகளெல்லாம் யாரந்த ஆள் என்று அக்கம்பக்கம் தேடுகின்றன. ஓரத்தில் ஒருபக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் தையற்காரரும், தனக்குச் சம்பந்தமில்லாததுபோல, கூடச் சேர்ந்து தேடுகிறார். அவர் விரல்கள் மட்டும் பெஞ்சின் விளிம்பை இறுகப் பிடித்திருக்கின்றன. "எந்திரிங்க," என்று பல்லைக் கடிக்கிறாள் மனைவி. "எதிர்ல இருக்கிறவருக்கு நாந்தாண்டி சட்டை தைக்கிறேன். பேரைச் சொல்லிக் கூப்பிடட்டும், வர்றேன்." "மெஷின்ல உட்கார முடியாம நின்னுக்கிட்டே காஜா எடுக்கிறீங்களே, அப்ப எங்க போச்சு இந்த ரோஷம்?" அவர் மின்விசிறியை அண்ணாந்து பார்க்கிறார். "ஆள் இல்லையா? சரி, அடுத்தது பேதி," என்கிறார் நர்ஸம்மா. சுவரோரம் ஒரு பெண் தன் அவசரத்தையும் மறந்து தலையைக் குனிந்துகொள்கிறாள். தையற்காரரின் மனைவி விருட்டென்று எழுந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்கிறாள். "எனக்குத்தாம்மா மூலம்," என்கிறாள், அத்தனை பெஞ்சுக்கும் கேட்கும்படி. பிறகு கணவர் பக்கம் திரும்புகிறாள். "துணைக்காவது வர்றீங்களா?"