ஏற்றத்தில் கிடந்த ஆணிகள்

பெரியவர் மார்ச்சினின் இறுக மூடிய விரல்களைக் கோல்தோ ஒவ்வொன்றாகப் பிரித்தான். ஈரமான உள்ளங்கையில் ஒரு பிடி சிற்றாணிகள் மின்னின. காற்றிறங்கிய சக்கரங்களோடு மலையுச்சியில் மழையில் நின்ற மிதிவண்டிக் கழகத்தார் அனைவரும் அந்தக் கையையே பார்த்தார்கள்.

"ஆக, நீதானாய்யா அது," என்றான் கோல்தோ.

பாஸ்க் கரையின் அந்தக் கடலோர நகரத்தில் மிதிவண்டிக் கழகத்துக்குத் தலைவன் அவன். அவன் கோபம் அந்தக் குளிர்காலம் முழுதும் வளர்ந்த கோபம். மழை பெய்த ஞாயிறெல்லாம் அர்ரிசுரி மலைச்சாலையின் கடைசி ஏற்றத்தில் எவனோ ஆணிகளை இறைத்துக்கொண்டிருந்தான். வெயிலடித்த ஞாயிறுகளில் ஓர் ஆணிகூடக் கிடையாது. விரல் விறைக்கும் மழையில் டயரோடு மல்லுக்கட்டுகிறவர்களைக் கண்டு மகிழ்கிறவன் மனிதனாக இருக்க முடியாது என்று கோல்தோ கூட்டந்தோறும் முழங்கினான்.

ஏற்றத்தில் எப்போதும் முதலாவதாகப் போகும் எதுர்னேயின் சக்கரத்தில்தான் முதலில் காற்றிறங்கும். பின்னால் வருகிறவர்களில் நாலைந்து பேருக்கு இரண்டு சக்கரங்களுமே போய்விடும். மாற்று டியூப் போதாது, ஈரத்தில் ஒட்டும் பிடிக்காது. ஒருவர் நடந்தால் எல்லோரும் நடப்பது கழகத்தின் வழக்கம். ஆகவே மறுபக்கச் சரிவில், வெள்ளை மிதிவண்டி நிற்கும் வளைவைக் கடந்து, கீழேயுள்ள பழைய சலவைக் கொட்டகை வரைக்கும் அத்தனை பேரும் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடப்பார்கள்.

அந்த வெள்ளை மிதிவண்டி எதுர்னேயின் கணவன் ஓயெருடையது. வளைவின் நடுவில் பதித்திருக்கும் இரும்பு வடிகால் மூடியில் மழை ஈரத்தில் சறுக்கி, தடுப்புச்சுவரில் மோதி, இரண்டு குளிர்காலங்களுக்கு முன்பு அவன் மாண்டான். கழகத்தார் அவன் நினைவாக அவன் வண்டிக்கு வெள்ளை பூசி அங்கேயே சங்கிலியிட்டார்கள். கோல்தோ நெஞ்சுருகப் பேசினான். வெள்ளைப் பூச்சு மலிவானது. அதைப் பூசிய கைகள் கடமை முடிந்ததென்று கழுவிக்கொண்டன.

ஆணி விவகாரத்திலோ கோல்தோ பேச்சோடு நிற்கவில்லை. சாலை அலுவலகத்துக்கே போய் மேசையை அறைந்தான். வரி கட்டுகிறவனுக்கு வழியில் பாதுகாப்பு உண்டா இல்லையா என்று கேட்டான். அடுத்த ஞாயிறே மலையடிவாரத்தில் ஒரு காவல் வண்டி நின்றது.

பெரியவர் மார்ச்சின் மீது அவனுக்கு முதலிலிருந்தே ஐயம். உச்சியில் மாடு வளர்க்கும் அவர், தம் டிராக்டருக்கு வழிவிடாத இந்த வண்ணச் சட்டைக்காரர்களை வையாத நாளில்லை.

"மாட்டுக் கால்ல ஏறிடக் கூடாதுன்னு பொறுக்கினேன். கையை விடு," என்றார் பெரியவர்.

"பொறுக்கினியா, போட்டியா?"

கோல்தோ காவலர்களைத் தொலைபேசியில் அழைத்து மேலே வரச் சொன்னான். ஆணி இறைத்தவனுக்குச் சிறைதான், வயதைப் பார்த்து இரங்குவதற்கு இடமே இல்லை என்று கழகத்தாரைப் பார்த்து அறிவித்தான். சிலர் கைதட்டினார்கள்.

மார்ச்சின் சிரித்தார். "தலைவரே, உனக்கு மூளையெல்லாம் தொடையிலதான் இருக்கு. உங்களை ஒழிக்கணும்னு நினைக்கிறவன் இறக்கத்துல இல்ல போடுவான்? மாடு நடக்குற வேகத்துல நீங்க மூச்சு வாங்கிட்டு வர்ற இடத்துலயா போடுவான்?"

கோல்தோ பெரியவரின் கையை ஆணிகளோடு சேர்த்து இறுக்கினான்.

எதுர்னே தன் வண்டியைச் சாலையோரம் சாய்த்துவிட்டு நடுவில் வந்து நின்றாள். மற்றவர்கள் வாழைப்பழம் வைத்துக்கொள்ளும் முதுகுப் பையிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்து, கோல்தோவின் காதருகே குலுக்கினாள். உள்ளே கலகலத்தது என்னவென்று யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

"அவரை விடு. போலீஸ் வண்டியில நான் ஏறிக்கறேன்."

கைதட்டியவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். கோல்தோவின் பிடி தானாகத் தளர்ந்தது. பெரியவர் தம் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே அவளைப் பார்த்தார். அவர் முகத்திலும் சிரிப்பு இல்லை.

"அந்த வடிகால் மூடியை மாத்தச் சொல்லி அதே ஆபீஸ் படியைத்தான் நானும் ஏறினேன்," என்றாள் எதுர்னே. அவள் குரல் உயரவில்லை. கோபம் உறைந்து கெட்டியாகியிருந்தது. "கூட வான்னு உன்னைக் கூப்பிட்டேன். பார்க்கலாம்னு சொன்னே. உன் டயருக்காக அந்த மேசையை அறைஞ்சியே கோல்தோ, என் ஓயெருக்காக ஒரு தட்டு தட்டினியா?"

கீழே, கடலை ஒட்டி வளையும் சாலையில், காவல் வண்டியின் நீல விளக்கு மழையினூடே ஏறி வந்துகொண்டிருந்தது. கோல்தோ தன் உள்ளங்கையைப் பார்த்தான்; பெரியவர் கையிலிருந்த ஆணிகளில் ஒன்று அதில் குத்தி நின்றது.

"அதுக்கு எங்க சக்கரத்தைக் கிழிப்பியா?" என்று முணுமுணுத்தான். "இத்தனை நாள் எங்களை இந்த மழையில நடக்கவிட்டு உனக்கு என்ன கிடைச்சுது?"

எதுர்னே கழகத்தாரை ஒருமுறை, தலை எண்ணுகிறவளைப் போல, கடைசி ஆள் வரைக்கும் பார்த்தாள்.

"எல்லாரும் நடந்து இறங்கினீங்க, எல்லாரும் இருக்கீங்க."