ஆறு பேர் படகு

“‘பொண்ணு பாக்க வந்தவங்ககூட இத்தனை கேள்வி கேக்கல’ங்கறாரு இவரு. நீங்களும் கேட்டுக்கிட்டு நிக்கிறீங்க. வாயில என்ன கொழுக்கட்டையா?”

தேவசேனா கணவர் ஹரிகிருஷ்ணன் மேல் பாய்ந்தாள். அவர் படகின் பக்கம் திரும்பிக்கொண்டார். அது அய்யம்பாளையத்தில் பழைய படகு விற்கிற ஞானவேலின் ஷெட்டுக்கு முன்னால் கவிழ்ந்து கிடந்தது. பதினாலடி அலுமினியப் படகு. பழசுதான், ஆனால் பளபளவென்று நீலப் பெயிண்ட்.

“தப்பா சொல்லலம்மா,” என்றார் ஞானவேல். “பத்து மணிக்கு வந்தீங்க. ஒண்ணாகப்போகுது. போன வாரம் சேலத்துக்காரரு ஒருத்தர் வந்தாரு, ஒரு சுத்து சுத்திப் பாத்தாரு, எடுத்துக்கறேன்னுட்டாரு.”

“அப்புறம் ஏன் இன்னும் இங்கயே கெடக்கு?”

ஞானவேல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

கொடைக்கானல் மேல்மலையில் பூண்டிக்குப் பக்கத்தில் தேவசேனாவுக்கு ஒரு ஹோம்ஸ்டே இருக்கிறது. தோட்டத்துக் குளம் இருபதடி ஆழம். வருகிறவர்கள் எல்லாரும் பிள்ளைகளோடு வருகிறவர்கள். விடுமுறைக்குள் படகு விடவேண்டும். அது ஒழுகித் தொலைத்தால் என்ன செய்வது என்று ஒரு மாதமாக அவளுக்குச் சரியான தூக்கமில்லை.

“இந்தப் பெயிண்டைக் கொஞ்சம் சுரண்டுங்க.”

“ஐயோ, புதுப் பெயிண்டும்மா!”

“அதனாலதான் சுரண்டச் சொல்றேன். பழைய படகுக்கு எதுக்குப் புதுப் பெயிண்ட்? ஓட்டையை அடைச்ச பசை கிசை அடியில இருந்தா தெரியணும்ல?”

சுரண்டினார். பசை இல்லை. தேவசேனா விடவில்லை. தகடுகளைச் சேர்க்கிற ரிவெட் ஒவ்வொன்றையும் விரலால் அசைத்துப் பார்த்தாள். உப்புப் பூத்த மாதிரி வெள்ளை படிந்திருந்த இடத்தில் நகத்தால் கீறினாள். மோட்டார் மாட்டுகிற பின்பலகையில் ஸ்க்ரூ டிரைவரால் குத்தினாள். உளுத்திருந்தால் இறங்கும். இறங்கவில்லை.

“டேமு பக்கத்துலதான் இருக்கு. தண்ணியில எறக்கிப் பாத்தா தெரிஞ்சிட்டுப் போவுது,” என்றார் ஞானவேல்.

“தெரியறதுக்குள்ள நாம போய்ச் சேந்துருவோம். நிமுத்தி ரெண்டு கல்லு மேல வைங்க. உள்ள தண்ணியை ரொப்புங்க. ஓட்டை இருந்தா கீழ சொட்டும்.”

ஞானவேல் ஹரிகிருஷ்ணனிடம் திரும்பினார். “சார், வீட்லயும் இப்படித்தானா?”

“பால் பாக்கெட்டையே அமுக்கிப் பாத்துத்தான் வாங்குவா.”

ஞானவேலும், தேவசேனாவோடு வந்திருந்த திருமலைச்சாமியும் படகைத் தூக்கி வைத்தார்கள். திருமலைச்சாமிக்கு ஐம்பது வயது. பூண்டு வயலில் கூலிக்குப் போனவர், இப்போது தேவசேனாவிடம் தோட்ட வேலை. இனிமேல் படகு ஓட்டப்போகிறவரும் அவர்தான். ஹோஸ் பைப்பில் படகு கால்வாசி நிரம்பியதும், சொட்டுகிற இடத்தில் குறி போட சாக்பீஸோடு அடியில் போய் மல்லாந்து படுத்தார்.

“சொட்டுதா?”

“இல்லீங்கம்மா.”

“நல்லாப் பாருங்க.”

“இல்லம்மா… இருங்க. மூக்கு மேல ஒண்ணு விழுந்துச்சு. அபிஷேகம் ஆரம்பிச்சிருச்சு.”

மூன்று இடத்தில் சாக்பீஸ் குறி விழுந்தது.

“சொட்டு சொட்டா வர்றதுக்கா இவ்வளவு?” என்று இழுத்தார் ஞானவேல்.

“சொட்டுதான். நடுக்குளத்துல அஞ்சு பேரு ஏறி ஆட்டினா என்ன ஆகும்? உயிர் விஷயங்க இது. ஏதாச்சும் ஆச்சுன்னா அந்தப் பிள்ளைங்களப் பெத்தவங்ககிட்ட உங்க பெயிண்டையா காட்டுவேன்?”

ஞானவேல் சுத்தியலை எடுத்தார். குறி விழுந்த மூன்று ரிவெட்டையும் இறுக்கி அடித்தார். மறுபடி தண்ணீர். மறுபடி திருமலைச்சாமி அடியில். கால் மணி நேரம் பார்த்தும் ஒரு சொட்டு விழவில்லை. எழுந்து வந்தபோது சட்டையெல்லாம் மண்ணும் ஈரமும்.

“எத்தனை பேரு ஏறலாம்?”

“தாராளமா எட்டு பேரும்மா.”

“உள்ள அடிச்சிருக்கற தகட்டுல ஆறுன்னு போட்டிருக்கே?”

“ஆறுதாம்மா.”

படகை மறுநாளே வேனில் ஏற்றி அனுப்புவதாக முடிவானது. ஜீப் வரை வந்த ஞானவேல் கும்பிட்டார்.

“கோவத்துல ஏதோ பேசிட்டேன், மனசுல வச்சுக்காதீங்க. எத்தனையோ பேருக்குப் படகு வித்திருக்கேன். ஏறப்போறவங்க உயிரை இவ்வளவு பெருசா நெனச்சவங்க நீங்க ஒருத்தர்தான்.”

தேவசேனா அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள். வண்டி கிளம்பியதுமே கொடைக்கானலில் ஒரு கடைக்குப் போன் போட்டுவிட்டாள்.

“லைஃப் ஜாக்கெட் அஞ்சு வேணும். ஒசத்தியானதா குடுங்க. பெல்ட்டு, விசிலு எல்லாம் இருக்கணும். அதுல ரெண்டு குழந்தைங்க சைஸ்.”

கடைக்காரரின் குரல் ஸ்பீக்கரில் வந்தது. “படகு எத்தனை பேருக்குங்க மேடம்?”

“ஆறு பேரு.”

“அப்ப ஆறா போட்டுரட்டுமா?”

“வேண்டாம், அஞ்சு போதும். ஆறாவது ஓட்டறவரு. அவரு நம்ம ஆளுதான்.”

போனை வைத்தாள். பின் சீட்டிலிருந்து திருமலைச்சாமி முன்னால் குனிந்தார்.

“அம்மா, எனக்கு நீச்சல் தெரியாதுங்க. மேல்மலைக் குளிருல எவன் தண்ணியில எறங்கிப் பழகினான்? எனக்கும் ஒண்ணு சேத்துச் சொல்றீங்களா?”

ஹரிகிருஷ்ணன் கியரை மாற்றினார். தேவசேனா ஜன்னல் கண்ணாடியை ஏற்றினாள்.

“பழசா இருந்தாலும் பரவாயில்லம்மா…”