மாஸ்டர் குரல்

இந்தக் கதையில் சிரிப்பு உண்டு. ஆனால் கடைசியில்தான். அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்ளவும்.

"எழுந்திருடா எருமை! போடு அம்பது தண்டால்!"

கீச்சென்று குரல் கேட்டதும் அண்ணன் படுக்கையிலிருந்து உருண்டு விழுந்து, கண்ணைத் திறக்காமலே தண்டால் எடுக்க ஆரம்பித்தான். மூச்சு வாங்கிய பிறகுதான், கதவுக்குப் பின்னால் தங்கச்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பது கேட்டது.

வீட்டில் அவளுக்குப் பெயர் ரேடியோ. பள்ளிக்கூட ஹெட்மாஸ்டர், மாடி வீட்டு அத்தை, ஸ்டார்ட் ஆகாத பைக், எல்லாக் குரலும் அவள் தொண்டையில் வாடகையில்லாமல் குடியிருந்தன. அதிலும் அண்ணனுக்குச் சண்டை கற்றுத்தரும் மாஸ்டரின் குரல் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. மாஸ்டர் ஆள் பீரோ மாதிரி இருப்பார். குரல் மட்டும் எண்ணெய் காணாத கதவு.

"இன்னிக்கு ஒருநாள் வேணாம்டி," அண்ணன் கும்பிட்டான். "முதல் சண்டை. இன்னிக்கு நீ மாஸ்டர் குரல்ல வாயைத் திறந்தே, அப்புறம் உனக்கும் எனக்கும் பேச்சே கிடையாது. சத்தியம் பண்ணு."

"சத்தியம் செய்யப்பட்டது. செய்திகள் முடிவடைந்தன," என்றாள், நியூஸ் வாசிப்பவர் குரலில்.

அம்மா சிரிக்கவில்லை. "கத்தரி பிடிச்சு முடி வெட்டற கைடா அது. அதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா சலூனை மூடிட்டு மூணு பேரும் காத்தைத்தான் குடிக்கணும்."

"மாஸ்டர் பார்த்துப்பார்மா. எதிராளி கையைப் பூட்டிட்டா, தரையில தட்டினாப் போதும். தோல்விதான், ஆனா நடுவர் உடனே நிறுத்திடுவார். எப்பத் தட்டணும்னு மாஸ்டர் சொல்வார். அவர் சொல்லாம தட்டக் கூடாது, அவ்வளவுதான்."

"உன் கை வலிக்கிறது அவருக்கு எப்படித் தெரியும்?"

"என்னைப் பெத்த பிள்ளையாட்டம் வெச்சிருக்கார்மா."

அடி, உதை, பிடி மூன்றும் கலந்த சண்டைப் போட்டி நடத்த ஒரு கம்பெனி புதிதாக முளைத்திருந்தது. அன்று அதன் முதல் விழா. நடுவில் கம்பிவலைக் கூண்டு, சுற்றிலும் கேமரா, புகை, கூட்டம். தொடக்க விழாவின் தொடக்கச் சண்டையே அண்ணனுடையது.

மைக் பிடித்தவர் "இதோஓஓ" என்று இழுத்தார். ரேடியோவும் அதே மாதிரி இழுத்தாள். பக்கத்து நாற்காலிக்காரர் சிரித்தார். "எங்க அண்ணன்தான்," என்றாள் அவரிடம் பெருமையாக. அங்கே அவள் அடித்த ஜோக் அவ்வளவுதான்.

முதல் ரவுண்டு பரவாயில்லை. இரண்டாவதில் எதிராளி அண்ணனைச் சாய்த்து, அவன் வலது கையைத் தன் தொடைகளுக்கு நடுவே இழுத்து, முழங்கையைப் பின்பக்கமாக வளைத்தான்.

அண்ணனின் முகம் கறுத்துப்போனது. இடது கை தரைக்கு மேலே தயாராக நின்றது. தட்டவில்லை. காத்திருந்தது.

"தாங்கு எருமை! தாங்கு!" எதிர்மூலையிலிருந்து மாஸ்டரின் கீச்சுக்குரல்.

நடுவர் குனிந்து, "விட்டுடறியா?" என்றார். இல்லை என்று தலையாட்டினான் அண்ணன்.

"சொல்லுங்க மாஸ்டர்... சொல்லிடுங்க," ரேடியோ முணுமுணுத்தாள், சொந்தக் குரலில். அந்தக் குரலை அவளே கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

மாஸ்டர் சொல்லவில்லை. அவர் அந்தக் கையைப் பார்க்கவேயில்லை. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த கம்பெனி முதலாளியைப் பார்த்தபடி, "தாங்கு! தாங்கு!" என்று கத்திக்கொண்டிருந்தார்.

முழங்கை இன்னும் கொஞ்சம் வளைந்தது.

ரேடியோ நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினாள். அண்ணனின் தலை கிடந்த பக்கம் கம்பிவலையில் வாயை வைத்தாள்.

"தட்டுடா கண்ணா! போதும், தட்டு!"

அதே கீச்சுக்குரல். அண்ணனின் இடது கை தட்தட்டென்று தரையில் விழுந்தது.

நடுவர் பாய்ந்து பிரித்துவிட்டார். கூட்டம் ஊளையிட்டது. பேப்பர் கப்புகள் பறந்தன.

"அதோ, அந்தப் பொண்ணுதான் கத்திச்சு," என்றார் பக்கத்து நாற்காலிக்காரர். "கூடப்பிறந்தவனையே கவுத்துட்டாளே, பாவி!"

டாக்டர் அறையில் அண்ணனின் முழங்கை வீங்கிக்கிடந்தது. "தசைநார் கிழிஞ்சிருக்கு, ஆறிடும்," என்றார் டாக்டர். "இன்னும் ஒரு இழுப்பு இழுத்திருந்தா, அப்புறம் இந்தக் கையால சட்டைப் பட்டன்கூடப் போட முடியாது. நல்ல நேரத்துல தட்டினே."

"மாஸ்டர் சொன்னார் டாக்டர். என் காதுக்கிட்டயே ஓடி வந்து சொன்னார்."

வாசலில் நின்ற ரேடியோ தலையைக் குனிந்துகொண்டாள். அவளைத் தள்ளிக்கொண்டு மாஸ்டர் உள்ளே வந்தார்.

"ஏண்டா எருமை தட்டினே?"

"நீங்கதானே மாஸ்டர்..."

"நானா? கை ஒடிஞ்சாலும் என் பையன் தட்ட மாட்டான், உங்க முதல் விழாவை ஊரே பேசும்னு முதலாளிகிட்ட வாக்குக் கொடுத்திருக்கேன்டா! படக்குனு ஒடிஞ்சிருந்தா எல்லா கேமராலயும் விழுந்திருக்கும். நான் எதுக்குடா தட்டச் சொல்லப்போறேன்?"

ஐஸ் பையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"சொல்லியே இருக்க மாட்டீங்களா மாஸ்டர்?"

"உயிர் போனாலும் சொல்லியிருக்க மாட்டேன்!"

அண்ணன் மெதுவாகத் திரும்பி வாசலைப் பார்த்தான். ரேடியோ இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அண்ணன் சிரித்தான். பிளந்த உதட்டிலிருந்து ரத்தம் வழிந்தும் சிரிப்பை நிறுத்தவில்லை.

"அதானே! 'கண்ணா'ன்னு கூப்பிட்டப்பவே எனக்குத் தெரிஞ்சிருக்கணும் மாஸ்டர், அது நீங்க இல்லேன்னு."