ட்ரெஹார்ன் தங்காத வீடு

"ஏனுங்க சார், அந்த ஒரு வரிய மட்டும் எடுத்துருங்க. அந்தக் கவிஞர் எங்க ஊட்ல தங்கவே இல்லீங்க," என்றாள் சசிகலா.

சுப்பண்ணன் கம்ப்யூட்டரிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை.

மின்வாரியத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது இணையக் கலைக்களஞ்சியத்துக்குக் காவல்காரர். சம்பளமும் கிடையாது, இவரை யாரும் கூப்பிடவும் இல்லை. ட்ரெஹார்ன் என்ற வேல்ஸ் நாட்டுக் கவிஞர் பிறந்தது செவ்வாய்க்கிழமையா புதன்கிழமையா என்று, முகம் தெரியாத ஒரு வெள்ளைக்காரனோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டி ஜெயித்தவர். தேயிலை விலை விழுந்து மலை முழுக்கத் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்க, இவருக்கு அந்தக் கிழமைதான் கவலை.

அந்த ட்ரெஹார்ன் உடம்பு தேறுவதற்காக நீலகிரிக்கு வந்தவராம். நடுவட்டத்தில் சசிகலாவின் வீட்டில் தங்கித்தான் கடைசிக் கவிதைகளை எழுதினார் என்று கலைக்களஞ்சியத்தில் அவருடைய வாழ்க்கைக் குறிப்பில் ஒரு வரி. அதைப் படித்துவிட்டு வெளிநாட்டுக்காரர்கள் தேடி வந்தார்கள். அவள் வாடகைக்கு விடும் ஒற்றை அறை இப்போதெல்லாம் காலியாக இருப்பதே இல்லை.

அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆள் ஊட்டியிலேயே இருக்கிறார் என்று பிரவுசிங் சென்டரில் சொன்னார்கள். பஸ் ஏறி வந்துவிட்டாள்.

"தங்கலைன்னு எப்படிச் சொல்றீங்க அம்மிணி?"

"அவரு செத்து ரொம்ப வருசம் கழிச்சு எங்க மாமனார் கட்டுன ஊடுங்க அது."

"சான்று?"

"நான்தான் சொல்றனே."

"உங்க வீட்டைப் பத்தி நீங்க சொல்றது சான்று ஆகாது. சம்பந்தப்பட்டவங்க பேச்சை நாங்க எடுத்துக்கறதில்ல. அச்சுல வந்திருக்கணும்."

சொந்த வீட்டைப் பற்றிப் பேச வீட்டுக்காரிக்கே யோக்கியதை இல்லையாம். இந்த லட்சணத்தில் ஒரு கலைக்களஞ்சியம்.

"தங்குனாருங்கறது மட்டும் அச்சுல வந்திருக்குங்களா?"

"வந்திருக்கு. இங்க ஊட்டியில வர்ற வாரப் பத்திரிகைல சில்வஸ்டர்னு ஒரு நிருபர் எழுதியிருக்கார். இதோ பாருங்க, அடிக்குறிப்பு." திரையை விரலால் தட்டிக் காட்டியபோது முகத்தில் அவ்வளவு பெருமை.

சசிகலா திரையைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தாள்.

"போன வாரம் வேல்ஸ்ல இருந்து ஒரு பெரியவர் வந்தாருங்க. ஜன்னலத் தொட்டுத் தொட்டு அழுதாரு. மேட்டுப்பாளையத்துல மரக்கடைல வாங்குன ஜன்னலுங்க அது. எங்க உக்காந்து எழுதுனாருன்னு கேட்டாரு. நானும் ஒரு மூலையக் கை காட்டிட்டேன். அன்னைல இருந்து சோறு எறங்கலீங்க."

"அறைக்கு ஆள் வருதில்ல? கொழுந்து பறிச்சா பறிகூலிக்கே கட்டாத காலம். பேசாம ஊடு போய்ச் சேருங்க."

"ஏமாத்தித் திங்க வேண்டாமுங்க."

"அப்படின்னா பத்திரிகைல மறுப்பு போடச் சொல்லுங்க. வந்தா எடுத்துடறேன்."

மறுபடி திரைப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவ்வளவு தூரம் வந்தவளுக்கு ஒரு வாய் டீ கூட இல்லை.

கல்நெஞ்சக்காரன் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே, மார்க்கெட் பக்கம் இருந்த பத்திரிகை ஆபீசுக்குப் போனாள். சில்வஸ்டர் தனியாகத்தான் இருந்தார். தான் யார் என்று சொல்லிவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"தெரியாத விசயத்த எழுதலாமுங்களா? எங்கிருந்து புடிச்சீங்க இந்தக் கதைய?"

சில்வஸ்டர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"நான் எங்கீங்க புடிச்சேன்? சுப்பண்ணன் சார் சொல்லித்தான் எழுதுனேன்."

"அவரா? அவருக்கு என்னைய முன்னப் பின்னத் தெரியாதுங்களே."

"தெரியாதுதானுங்க. கூடலூர்ல மக ஊட்டுக்குப் போயிட்டு நடுவட்டம் வழியா வர்றப்ப, பஸ்ஸுல இருந்து உங்க ஊட்டு வாசல்ல 'விற்பனைக்கு'ன்னு போர்டு பாத்திருக்காரு. எறங்கிப் பக்கத்துக் கடைல விசாரிச்சாராம். தேயிலைல ஒண்ணும் நிக்கல, அறைக்கும் ஆள் வரல, ஊட்டுக்காரர் திருப்பூருக்கு வேலைக்குப் போயிட்டாருன்னு சொல்லியிருக்காங்க. மறுநாளே இங்க வந்து நின்னாரு. ஆள் வர்ற மாதிரி ஏதாவது செய்யணும் சில்வஸ்டர்னாரு."

சசிகலா மேசைப் பக்கம் குனிந்து கேட்டாள்.

"அந்தப் பக்கமே அவரு கைல இருக்குதுங்களே. அவரே எழுதிக்க வேண்டியதுதானே, உங்கள எதுக்கு எழுதச் சொன்னாரு?"

"நானும் அதத்தானுங்க கேட்டேன்," என்றார் சில்வஸ்டர். "பொய்யாவே இருந்தாலும் சான்று இல்லாம எழுத மாட்டேன்னுட்டாரு."